நியோப்ரீனுக்குப் பின்னாடி ஒரு பாதிரியார்

உங்க லேப்டாப் கவரைத் தொட்டுப் பாருங்க. மெத்துன்னு, லேசா இழுபடுதா? அது நியோப்ரீனா இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ரப்பருக்கு வழி காட்டியவர் ஒரு பாதிரியார், ஜூலியஸ் நியூலாண்ட்.

1878-ல் பெல்ஜியத்துல பிறந்தவர். ரெண்டு வயசுலயே குடும்பத்தோட அமெரிக்கா வந்துட்டார். இண்டியானா மாநிலத்துல இருக்குற நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துல படிச்சு, 1903-ல் பாதிரியார் ஆனார். அடுத்த வருஷமே வாஷிங்டன்ல முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள் அசெட்டிலின். வெல்டிங் கடையில எரியுதே, அதே வாயுதான். ஆல்கைன் குடும்பத்துலயே சின்னது. ரெண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவுல மூணு பிணைப்பு. அது யாரோட சேர்ந்து என்னவா மாறும்ங்கிறது, பெரும்பாலும் நீங்க போடுற வினையூக்கியைப் பொறுத்தது.

அலுமினியம் குளோரைடை வினையூக்கியா வச்சு, அசெட்டிலினை ஆர்செனிக் டிரைகுளோரைடோட சேர்த்தார் நியூலாண்ட். கொடிய நஞ்சு ஒண்ணு வந்துச்சு. அவரே சில நாள் ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதாப் போச்சு. அந்த ஆராய்ச்சியை அதோட விட்டுட்டார். ஆனா ஆய்வேடு நூலகத்துலயே இருந்துச்சு. 1918-ல், முதல் உலகப்போர் சமயத்துல, அது வின்ஃபோர்ட் லூயிஸ்ங்கிற வேதியியலாளர் கைக்குப் போச்சு. அந்த நஞ்சு போர் ஆயுதமா மாறுச்சு. பேரு லூயிசைட்.

நியூலாண்ட் பல வருஷம் தாவரவியல் பாடம் நடத்தினார். ஆனா அசெட்டிலினை விடல. செம்பு குளோரைடு கரைசல் வழியா அந்த வாயுவை விட்டப்போ 1906-ல் ஒரு வித்தியாசமான வாசனை வந்துச்சு. அது என்னன்னு பல வருஷம் துரத்தி, டைவினைல் அசெட்டிலினைப் பிடிச்சார். 1925-ல் ரோசெஸ்டர் நகரத்துல அதைப் பத்திப் பேசினப்போ, டூபான்ட் கம்பெனியின் எல்மர் போல்டன் கேட்டுக்கிட்டு இருந்தார். அந்த வேலையைத் தொடர்ந்து, 1930-ல் கரோதர்ஸ் குழு குளோரோப்ரீன் ரப்பரை உருவாக்குச்சு. அதுதான் நியோப்ரீன்.

காப்புரிமைப் பணத்துல தனக்குன்னு அவர் ஒரு பைசா எடுத்துக்கல. ஏழ்மை விரதம் எடுத்த துறவி அவர். 1936-ல் இறந்தார்.

அசெட்டிலின் கதை இன்னும் முடியல. பிவிசி-க்கான வினைல் குளோரைடை அசெட்டிலின்ல இருந்து எடுக்க, பாதரசத்துக்குப் பதிலா இப்போ தங்க வினையூக்கி வந்துக்கிட்டு இருக்கு.

நீங்க ஃபைனல் இயர்னா இதையும் யோசிங்க. பாதியில விட்டுட்டோம்னு நீங்க ரிப்போர்ட்ல எழுதுற பக்கமும் நூலகத்துலதான் இருக்கும். அதை யார் எடுத்துப் படிப்பாங்கன்னு உங்களால சொல்ல முடியாது. நஞ்சு வந்தா, ஏன் விட்டீங்கங்கிறதையும் அங்கேயே தெளிவா எழுதிடுங்க.