சித்திரக்காரர் டார்லிங்

உயிர்களைக் காக்கச் சட்டம் இயற்றுதல் எளிது. அச்சட்டத்தை நடத்துதற்குரிய பொருளை ஆண்டுதோறும் தவறாது ஈட்டுதல் அரிது. இவ்வரிய காரியத்திற்கு அமெரிக்க தேசத்தில் வழிவகுத்தவருள் ஒருவர், பொக்கிஷ அதிகாரியும் அல்லர், நியாயவாதியும் அல்லர். பத்திரிகைகளில் விகடச் சித்திரம் வரைந்தவர். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

ஜே நார்வுட் டார்லிங் என்பார் 1876ஆம் வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி மிச்சிகன் மாகாணத்தில் ஒரு பாதிரியாரின் புதல்வராகப் பிறந்தார். அயோவா மாகாணத்துப் புல்வெளிகளின் அருகே வளர்ந்தார். பெலாய்ட் கலாசாலையில் பயிலுங்கால், ஆண்டுமலரில் ஆசிரியர்களைப் பரிகாசமாக வரைந்தமைக்காகச் சிலகாலம் நீக்கிவைக்கப்பட்டார். பின் திரும்பிவந்து 1900இல் பட்டம் பெற்றார். நம் மாணவர்கள் இவற்றுள் முன்னதை விடுத்துப் பின்னதைக் கைக்கொள்வாராக! 'டிங்' என்னும் பெயருடன் அவர் வரைந்த சித்திரங்கள் பெரும்புகழ் எய்தின. 1924இலும் 1943இலும் புலிட்ஸர் பரிசு அவரை நாடி வந்தது.

அக்காலத்தில் பயிர்த்தொழிலுக்காகச் சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டன, மழையும் பொய்த்தது. வலசை வரும் வாத்துகள் தங்குமிடமின்றி அருகின. அவற்றிற்குப் புகலிடம் அமைக்க 1929இலேயே சட்டம் பிறந்திருந்தது. எனினும் நிலையான வருவாய்க்கு அது வழிசெய்யவில்லை. பொருளாதார மந்தமும் வந்து சேரவே, சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளை டார்லிங் தம் தூரிகையால் கண்டித்து வந்தவர். ஆயினும் 1934இல் ஜனாதிபதி அவரையே உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக்கினார். வருவாய்க் குறைவைப் பாராது டார்லிங்கும் இசைந்தார். அவ்வாண்டு மார்ச்சு 16இல் வாத்து ஸ்டாம்புச் சட்டம் நிறைவேறியது. பதினாறு வயது நிரம்பிய வேட்டைக்காரர் எவரும் நீர்ப்பறவைகளை வேட்டையாடுமுன் ஒரு டாலர் ஸ்டாம்பு வாங்குதல் வேண்டும் என்பது அதன் விதி. முதல் ஸ்டாம்பின் சித்திரத்தை டார்லிங்கே வரைந்தார். இரு காட்டு வாத்துகள் நீரில் இறங்கும் காட்சி அது. முதலாண்டில் 6 லட்சத்து 35 ஆயிரம் ஸ்டாம்புகள் விலைபோயின.

இத்திட்டத்தின் உயிர்நிலை யாதெனின், வசூலான பணம் பொதுக் கஜானாவிற் கலந்து மறையாமல் தனி நிதியாக நின்றமையே. பணத்திற்குச் சட்டம் பூட்டாயிற்று. சட்டத்திற்குப் பணம் கால்களாயிற்று. 1937இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டமும் இந்நெறியே பற்றியது. துப்பாக்கி, தோட்டா வரியை மாகாணங்களின் வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கிய அச்சட்டம், வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு காரியங்களுக்குத் திருப்பும் மாகாணத்திற்கு அவ்வுதவி இல்லையென்றது.

கொல்வாரிடம் காசு பெற்றுக் காப்பது அறமாகுமோ என்று சிலர் ஐயுறலாம். ஐயம் தக்கதே. ஆயினும் பறவையால் பயன் கொள்வோன் அதன் இருப்பிடத்திற்கு விலை தருதல் நீதியன்றோ? இம்முறைக்கு மற்றொரு குறையும் உண்டு. 1970களுக்குப் பின் வேட்டைக்காரர் தொகை குறையக் குறைய, ஸ்டாம்பு விற்பனையும் தளர்ந்தது. ஆதலின் ஒரு சாராரை மட்டும் நம்பிய நிதி, அச்சாரார் அருகின் தானும் அருகும் என்பதை நாம் மறத்தலாகாது.

1935இல் பதவி துறந்த டார்லிங், மறுவருஷம் தேசிய வனவிலங்குச் சம்மேளனம் தோன்ற முன்னின்று, அதன் முதல் தலைவருமானார். 1962ஆம் வருஷம் பிப்ரவரி 12இல் காலமானார். புளோரிடாவின் சானிபல் தீவிலுள்ள புகலிடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2015இல் 25 டாலராக உயர்ந்த அந்த ஸ்டாம்பு, இதுகாறும் 110 கோடி டாலருக்குமேல் ஈட்டி, 60 லட்சம் ஏக்கர் நிலத்தைப் பறவைகளுக்கு உரிமையாக்கியுள்ளது.

நற்கருத்தை உரைப்பார் பலர். அதற்கு நாள்தோறும் சோறிடும் வழியையும் உடன் வகுப்பார் சிலரே. அச்சிலருள் ஒருவராதற்கு நம் கலாசாலை மாணவர்கள் முயல்வார்களாக.