புல்வெளி ஆய்ந்த புரவலர்

நிலமகளின் பசும்போர்வை புல். ஆனிரைக்கு உணவாவதும், ஆடுகளத்தில் விளையாடுவோர் காலுக்கு மெத்தையாவதும் அதுவே. காலடியில் கிடப்பதனால் அதனை எளிய பொருள் என்று எண்ணுவோர் பலர். அத்தகைய புல்லுக்கும் பயிருக்கும் இடும் உரத்தின் இயல்பை அறியத் தம் செல்வத்தையும் வாழ்நாளையும் செலவிட்ட பெருமகனார் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரே ஜான் பென்னட் லாஸ் என்பவர்.

லண்டன் மாநகருக்கு வடக்கே, ஹார்ப்பெண்டன் என்னும் ஊரை அடுத்து ரோத்தம்ஸ்டெட் என்னும் பண்ணை உள்ளது. அங்கே 1814 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28 ஆம் நாள் லாஸ் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்றும் பட்டம் பெறாமலே திரும்பினார். 1834 ஆம் ஆண்டில் பண்ணைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

அக்காலத்து உழவர் நிலத்திற்கு எலும்புத் தூளை உரமாக இட்டு வந்தனர். அது ஒரு நிலத்தில் பெரும்பயன் தந்தது. மற்றொரு நிலத்தில் சிறிதும் பயன் தரவில்லை. இதன் காரணம் யாது என்னும் வினா லாஸின் உள்ளத்தில் வேரூன்றியது. எலும்பையும் மணிச்சத்துள்ள கனிப்பொருள்களையும் கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்தினால், அவற்றிலுள்ள சத்து எளிதில் கரைந்து பயிரைச் சேரும் எனக் கண்டார். 1842 ஆம் ஆண்டில் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். சூப்பர் பாஸ்பேட் என்னும் அவ்வுரம் அவருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. அச்செல்வத்தைக் கொண்டே தம் பண்ணையை ஆய்வுக்களம் ஆக்கினார்.

1843 ஆம் ஆண்டில் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் வேதியியல் அறிஞர் அவருக்குத் துணையாக வந்தார். அந்நட்பு 57 ஆண்டுகள் நீடித்தது. கில்பர்ட், ஜெர்மனி நாட்டுப் பேரறிஞர் லீபிக்கிடம் பயின்றவர். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றும் மழையுமே தந்துவிடும். கனிச்சத்துகளை மட்டும் நிலத்தில் இட்டால் போதும் என்பது லீபிக்கின் கொள்கை. உலகம் போற்றிய அக்கொள்கையை நண்பர் இருவரும் கோதுமை வயலில் சோதித்தனர். கனிச்சத்து மட்டும் பெற்ற பாத்தியில் விளைவு சுருங்கியது. தழைச்சத்தும் உடன்பெற்ற பாத்தியில் கதிர்கள் செழித்தன. சொன்னவர் ஆசிரியர் என்பதற்காகக் கில்பர்ட் உண்மையை மறைக்கவில்லை. கூறியவர் பெரியார் என்பதற்காக லாஸ் பின்வாங்கவும் இல்லை. நெடுங்காலம் வாதம் நடந்தது. வயல் சான்றாக நின்றது.

இவர்தம் உழைப்பால் பயனடைந்த உழவர் பெருமக்கள் பொருள் திரட்டி லாஸுக்குச் சிறப்புச் செய்ய விழைந்தனர். அப்பொருள் 1855 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடமாக உருவெடுத்தது.

மறு ஆண்டில் புல்வெளி ஆய்வு தொடங்கிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புல்வெளியாகவே கிடந்த ஒரு நிலத்தை நண்பர் இருவரும் பாத்திகளாகப் பிரித்தனர். சில பாத்திகளுக்கு உரமே இல்லை. சிலவற்றுக்கு அம்மோனிய உப்புகள் இட்டனர். வேறு சிலவற்றுக்கு, சிறிது காலத்திற்குப்பின், அதே அளவு தழைச்சத்தைச் சோடியம் நைட்ரேட்டு வடிவில் இட்டனர். சத்து ஒன்று, அது வரும் வடிவம் வேறு. விளைவும் ஒன்றாகவே இருக்குமா என்பதே வினா.

சில ஆண்டுகளிலேயே விடை தெரியலாயிற்று. தழைச்சத்துப் பெற்ற பாத்திகளில் புல் ஓங்கியது; கிளோவர் போன்ற பயறுவகைச் செடிகள் குன்றின. ஆண்டுகள் செல்லச் செல்ல இரு வடிவங்களுக்கும் உள்ள வேற்றுமை விரிந்தது. உரமிடாத பாத்திகளில் 30-க்கு மேற்பட்ட செடியினங்கள் கலந்து வாழ, அம்மோனிய உப்பை மிகுதியாகப் பெற்ற பாத்திகளிலோ இறுதியில் இரண்டு மூன்று புல்லினங்களே எஞ்சின. மடிந்த புல்லும் மட்காமல் மெத்தைபோல் படிந்தது. சோடியம் நைட்ரேட்டு இட்ட பாத்திகளில் இக்கேடு நேரவில்லை.

காரணம் இதுவே: மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகி, நிலம் புளிப்பேறுகிறது. நைட்ரேட்டு உரம் அவ்வாறு செய்வதில்லை. ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. அம்மோனியத்தை மண் பற்றிக்கொள்ளும். நைட்ரேட்டையோ மழைநீர் எளிதில் அடித்துச் சென்றுவிடும்.

தொடங்கியவர் மறைந்தால் ஆய்வும் மறைந்துவிடும் என்பதை லாஸ் உணர்ந்தார். புல்வெளியின் முழு விடை ஒருவர் வாழ்நாளுக்குள் அடங்காது என்பதும் அவருக்குத் தெரியும். ஆதலின் 1889 ஆம் ஆண்டில் ஒரு லட்சம் பவுனை வைப்பாக வைத்து, ஆய்வு நிலங்களுடன் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1900 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31 ஆம் நாள் லாஸ் இயற்கை எய்தினார். மறு ஆண்டில் கில்பர்ட்டும் நண்பரைத் தொடர்ந்தார்.

ஆய்வு நிற்கவில்லை. 1903 ஆம் ஆண்டு முதல் பாத்திகளின் ஒரு பாதிக்குச் சுண்ணாம்பு இட்டு வந்தனர். அது புளிப்பைத் தணித்தது. அப்பாதியில் செடியினங்கள் மிகுந்து காணப்பட்டன. விளையாட்டரங்கின் புற்றரையைப் பேணுவோர், அம்மோனியம் சல்பேட்டு இடுமுன் மண்ணைச் சோதித்து, வேண்டுமாயின் சுண்ணாம்பு இடுவதும் இவ்வறிவின் பயனே. அப்புல்வெளி ஆய்வு 160 ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடைபெற்று வருகிறது.

ஒரு பருவத்து விளைச்சலைக் கண்டு உரத்தைப் புகழ்வது எளிது. அது நிலத்தை என் செய்கிறது எனப் பொறுத்திருந்து காண்பது அரிது. அவ்வரிய செயலைத் தாமும் செய்து, தமக்குப்பின் வருவோரும் செய்ய வழி வகுத்தமையே லாஸ் பெருமகனாரின் சிறப்பாகும்.