அடிமை நாட்டில் பிறந்த மாணவி

பாடம் புரியாமல் திகைக்கும் மாணவனை மந்தபுத்தி உள்ளவன் என்று தள்ளிவிடுவது உலக வழக்கமாகிவிட்டது. அவனுக்குக் கற்கக் கிடைத்தது எவ்வளவு, மறுக்கப்பட்டது எவ்வளவு என்று விசாரிப்பார் இல்லை. மேரி க்யூரி அம்மையார் ரேடியத்தைக் கண்டுபிடித்த கதையை யாவரும் அறிவர். அவரே கணிதப் பாடம் எட்டாமல் தவித்த நாட்களை நினைவுகூர்வது அவசியமென்று கருதுகிறோம்.

அம்மையார் 1867-ம் வருஷம் வார்ஸா நகரில் பிறந்தார். போலந்தின் அப்பகுதி அப்பொழுது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் கணிதமும் பௌதிகமும் போதித்த ஆசிரியர். போலிஷ் பள்ளிகளில் சோதனைச்சாலைப் பயிற்சியை ஆட்சியாளர் நிறுத்திவிட்டனர். மாணவர் கையில் இருக்கவேண்டிய கருவிகள் அவர் வீட்டில் காட்சிப் பொருள்களாயின. சர்வகலாசாலையிலோ பெண்களுக்கு இடமில்லை. போலிஷ் தேசபக்தர்கள் இடம் மாற்றி மாற்றி ரகசியமாக நடத்திவந்த வகுப்புகளே அம்மையாருக்குக் கிட்டிய உயர்தரக் கல்வி.

தமக்கை பாரிஸில் வைத்தியம் படிப்பதற்குப் பொருளுதவி செய்யும் பொருட்டு, அவர் செல்வர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பல வருஷங்கள் ஊழியம் செய்தார். கிராமத்தில் இருந்தபோது குடியானவர் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவித்தார். அந்நாளில் அது தண்டனைக்குரிய குற்றம். இரவில் கணித நூல்களைத் தனியே படித்தார். தந்தையார் கடித மூலம் கணக்குகளை விளக்கி வந்தார்.

1891-ல் பாரிஸ் சேர்ந்து ஸோர்பான் கலாசாலையில் நுழைந்தபோதுதான் குறை வெளிப்பட்டது. ஆசிரியர்கள் வேகமாகப் பேசிய பிரெஞ்சு அவருக்குப் பிடிபடவில்லை. பிரெஞ்சு மாணவர்கள் பள்ளியிலேயே பெற்றிருந்த கணித அஸ்திவாரம் அவருக்கு இல்லை. தாமே கற்றது போதுமென்று நம்பி வந்தவர், அது போதாதென்று கண்டார்.

அவர் மனமுடைந்து திரும்பவுமில்லை, அறிந்தவர்போல் நடிக்கவுமில்லை. விட்டுப்போன பாடங்களை அடியிலிருந்து தொடங்கினார். மேன்மாடியில் ஒரு சிற்றறை. குளிர்காலத்தில் பாத்திரத்து நீர் உறைந்துவிடும். பல நாள் ரொட்டியும் தேநீருமே ஆகாரம். பட்டினியால் ஒரு சமயம் மயங்கியும் விழுந்தார். ஆயினும் 1893-ல் பௌதிகப் பட்டப் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். மேலே படிக்கப் பணமில்லாத நிலையில், போலந்து தேசத்தவருக்கென்று ஏற்பட்ட 600 ரூபிள் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1894-ல், எந்தக் கணிதம் அவரைத் திகைக்கவைத்ததோ அதிலேயே இரண்டாவதாகத் தேறினார். பெற்ற உதவித் தொகையைப் பின்னர் திருப்பியும் கொடுத்தார்.

1898-ல் கணவருடன் கண்டுபிடித்த முதல் மூலப்பொருளுக்குப் பொலோனியம் என்று பெயரிட்டார். தேசப்படத்திலிருந்து அழிக்கப்பட்டிருந்த தாய்நாடு, 1918-ல் விடுதலை பெறுவதற்கு இருபது வருஷம் முன்னரே, விஞ்ஞான நூல்களில் இடம் பெற்றது. நோபல் பரிசுகள் 1903-லும் 1911-லும் வந்தன.

அவருடைய ஆரம்பத் தடுமாற்றத்திற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. அந்நிய அதிகாரம் பூட்டிவைத்த கதவுகளே. பூட்டியவர்களைக் கண்டிப்பது நம் கடமை. ஆனால் கதவு திறந்த பிறகு முதற்படியிலிருந்து ஏறுவதற்கு நாணாத நெஞ்சு மாணவனுக்கு வேண்டும். அப்படி ஏறுகிறவனுக்கு அறுநூறு ரூபிள் போன்ற கைதூக்கலைச் சமூகம் தாமதமின்றி அளிக்கவேண்டும்.