நாடகத் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்



பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்றதும் நம்ம மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரைத்தான் எல்லோரும் எழுதுவீங்க. அதனால் நான் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி எழுதுகிறேன்.

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்தார். இயற்பெயர் சங்கரன். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். கொஞ்ச காலம் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். 24 வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போய்விட்டார்.

எமன், சனீஸ்வரன், இரணியன், இராவணன் என்று பயங்கர வேஷங்களாகவே போட்டார். ஒருமுறை இவரை எமன் வேஷத்தில் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்துபோய் அவருடைய கரு கலைந்துவிட்டது என்றும், அதனால் மனம் நொந்து அந்த மாதிரி வேஷங்களையே இவர் விட்டுவிட்டார் என்றும் சொல்வார்கள். கைதட்டல் வாங்கித் தந்த வேஷத்தை அடுத்தவங்க துன்பத்துக்காக விடுவது லேசான காரியமா? யோசித்துப் பாருங்கள்.

பிறகு நாடகம் எழுதுவதும் நடிக்கச் சொல்லித் தருவதுமே இவர் வேலை ஆனது. இப்போது டைரக்டர் என்கிறோமே, அவரை அந்தக் காலத்தில் வாத்தியார் என்பார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் இவர் எழுதியவை. நம்ம காந்தமலை முருகனுக்கும் வள்ளிக்கும் நடந்த கல்யாணக் கதைதான் வள்ளி திருமணம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் இன்னமும் விடிய விடிய அதை நடிக்கிறார்கள்.

பெரிய நடிகர்கள் சிலர் ஒழுங்காக ஒத்திகைக்கு வரமாட்டார்கள், சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள். அதனால் சிறுவர்களை வைத்தே நாடகம் போட முடிவு செய்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். டி.கே. சண்முகத்துக்கு அப்போது சுமார் 6 வயது, நம்ம ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க மாதிரி! அவருக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இராத்திரியில் எழுதி முடித்தாராம்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். அந்தச் சபையில் பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை. வள்ளி வேஷமும் பையன்தான் கட்ட வேண்டும். ஆனால் காவிரிக் கரையில் நமக்கு மேலே இருக்கிற கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், சின்ன வயசிலேயே மேடை ஏறினார். வள்ளியாக நடித்துப் பெரும் புகழ் பெற்றார். எஸ்.ஜி. கிட்டப்பா முருகனாக நடித்தார். அதைப் படித்ததும்தான் மனசு ஆறியது.

1921-இல் சுவாமிகளுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஊருக்கெல்லாம் வசனம் எழுதித் தந்தவருக்கு வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. இதைவிடக் கொடுமை உண்டா? 1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ஆனாலும் அவர் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை. 1925-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தமாக நாடக சபை தொடங்கினார்கள். வாத்தியாரின் பேச்சு நின்ற பிறகும் மாணவர்கள் வாயில் அவர் தமிழ் பேசிக்கொண்டே இருந்தது.

ஆண்டு விழா நாடகத்துக்குப் பெயர் கொடுக்கத் தயங்குகிற என் தோழிகளே, அன்றைக்கு நமக்கு மேடையே இல்லை. இன்றைக்கு இருக்கிறது. தைரியமாகப் பெயர் கொடுங்கள். ஒத்திகைக்கு மட்டும் நேரத்துக்கு வந்துடுங்க!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி