ஒலியால் உயிரூட்டிய கலைஞர்

நாடகம் கண்ணுக்கு மட்டும் உரிய கலையன்று, செவிக்கும் உரியது. திரைச்சீலையில் தீட்டப்பெற்ற சோலையைத் துணியென்றே நம் கண் அறியும். ஆயினும், அதன் பின்னிருந்து ஒரு பறவை கூவுமாயின், நம் உள்ளம் அச்சோலைக்குள் புகுந்துவிடும். இவ்வுண்மையை உணர்ந்து மேடையில் ஒலியைக் கையாண்டவர், உருசிய நாட்டு நாடகப் பேராசான் கான்ஸ்தந்தீன் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஆவார்.

இவர் 1863ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில், செல்வம் மிக்க ஆலை உரிமையாளர் குடும்பத்தில் பிறந்தார். நடிப்பின்மீது கொண்ட பெருவிருப்பால் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி என்னும் மேடைப் பெயரைப் பூண்டார். 1898ஆம் ஆண்டில் நெமிரோவிச் தான்சென்கோ என்பவருடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கினார்.

அந்தோன் செகாவ் இயற்றிய 'கடற்பறவை' என்னும் நாடகம், 1896ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறி, அவையோரின் ஏளனத்துக்கு ஆளாயிற்று. அதனையே ஸ்தனிஸ்லாவ்ஸ்கி மீண்டும் மேடையேற்றத் துணிந்தார். இம்முறையும் தோற்றால், நோயுற்றிருந்த செகாவ் தாங்கமாட்டார் என்று நடிகர்கள் அஞ்சினர். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, காட்சிதோறும் எழவேண்டிய ஒலிகளையும் முன்னரே எழுதி வகுத்தார். தொலைவில் நாய் ஊளையிட்டது; தவளைகள் கத்தின; கோயில் மணி மெல்ல ஒலித்தது. 1898 டிசம்பரில் அரங்கேறிய அன்று, முதல் அங்கம் முடிந்ததும் அவை வாயடைத்திருந்தது. நடிகர்கள் நடுங்கினர். அடுத்த கணம் கையொலி அரங்கை அதிரச் செய்தது.

'மூன்று சகோதரிகள்' நாடகத்தின் ஒத்திகையில் நடிகர்கள் ஒருநாள் ஊக்கம் இழந்து அமர்ந்திருந்தனர். மங்கிய ஒளியில் ஒருவர் நகத்தால் பலகையைக் கீறினார். எலி பிறாண்டுவது போன்ற அவ்வொலி, ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கு வீட்டு அடுப்பங்கரையின் நினைவை எழுப்பிற்று. அக்கணமே நாடகத்தின் உட்பொருள் அவருக்கு விளங்கியது. அம்மாந்தர் துயரில் மூழ்கிக் கிடப்பவர் அல்லர். மகிழ்ச்சியைத் தேடித் தவிப்பவர் என்று கண்டார். சிற்றொலியும் மனக்கதவைத் திறக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

எனினும், விருப்பம் மிகும்போது அளவு மறப்பது இயல்பு. 'செர்ரித் தோட்டம்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் தவளைக் குரலைச் சேர்க்க அவர் எண்ணினார். நாட்டுப்புற வாழ்வை நன்கறிந்த செகாவ் அதற்கு உடன்படவில்லை. புல் அறுக்கும் அப்பருவத்தில் தவளைகள் ஓய்ந்துவிடும் என்று 1903ஆம் ஆண்டில் மடல் வரைந்தார். செகாவோ அந்நாடகத்தில் சில ஒலிகளையே தேர்ந்து அமைத்திருந்தார். வானிலிருந்து வருவதுபோல் நரம்பொன்று அறுபடும் ஓசையும், மரத்தை வெட்டும் கோடரியின் ஓசையும் இறுதியில் கேட்கும். ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியை உணர்த்த அவையே போதுமானவையாயின.

பிற்காலத்தில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, புறத்து மெய்ம்மையினும் நடிகனின் அகத்து மெய்ம்மையே முதன்மையானது என்று தெளிந்தார். அதனைக் கற்பிக்கும் முறையை வகுத்து நூல்கள் எழுதினார். 1938ஆம் ஆண்டில் மறைந்தார்.

உணவுக்கு உப்பு எத்தகையதோ, நாடகத்துக்கு ஒலி அத்தகையது. குறைந்தால் சுவையில்லை, மிகுந்தால் உண்ண இயலாது. அவ்வளவை அறிவதே கலைஞனின் கடன்.