தீரர் சத்தியமூர்த்தி

அரசியலிற் புக விழையும் மாணவர்க்கு நாம் எடுத்துக்காட்டத்தக்க வாழ்வு ஸ்ரீ சத்தியமூர்த்தியுடையது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887-ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். புதுக்கோட்டை மகாராஜா கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் கற்று, பின் வழக்கறிஞரானார். பெரும்பொருள் அவர்க்குத் துணையில்லை. கல்வியும் நாவன்மையுமே முதலாயின. 1919-இல் காங்கிரஸ் தூதுக்குழுவினருள் ஒருவராய் இங்கிலாந்து சென்றார். 1923-இல் சென்னைச் சட்டசபையிலும் 1934-இல் மத்திய சட்டசபையிலும் இடம்பெற்றார். பன்முறை சிறைவாசமும் ஏற்றார். 1937-இல் சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். ராஜாஜி பிரதமரானார், இவர்க்கோ மந்திரி பதவியும் வாய்க்கவில்லை. ஆயினும் சோர்ந்திலர். 1939-இல் சென்னை மேயராகிப் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு வழிகோலினார். அது 1944-இல் முற்றுப்பெறுமுன், 1943-இல் மறைந்தார். அவர் வளர்த்த காமராஜர் 1954-இல் முதலமைச்சரானார். பதவியை நாடியன்று, பணியை நாடியே நாமும் அரசியலிற் புகுவோமாக.