தலைப்பாகை கழற்றிய பாரிஸ்டர்

உத்தியோகத்திற்குச் செல்லும் நம்மவர் பலர், காரியாலய வாசலிலேயே ஒரு கேள்வியைச் சந்தித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகின்றனர். தொப்பி இருக்கலாமா, கழற்ற வேண்டுமா? சக ஊழியரிடம் தமிழில் பேசினால் மேலதிகாரி முகம் சுளிப்பாரா? கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வேலை பார்க்கும் நம் வாலிபர்கள் இதைப் பற்றி நம்மிடம் பேசாத நாளில்லை. காந்தியடிகளையும் ஒரு காலத்தில் இதே கேள்வி வாட்டியது. தேசத் தலைவராக அன்னாரை அறிந்தவர் கோடிக்கணக்கானோர். சம்பளத்திற்கு வேலை பார்த்த வக்கீலாக அறிந்தவர் சிலரே. அந்தப் பகுதியை மட்டும் இங்கே சொல்லுகிறோம்.

1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி போர்பந்தரில் பிறந்த அவர், லண்டனில் சட்டம் பயின்று 1891-ல் பாரிஸ்டரானார். பம்பாயில் தொழில் நடக்கவில்லை. வழக்குப் பிடித்துத் தரும் தரகருக்குக் கமிஷன் கொடுக்க மறுத்தார். கிடைத்த ஒரு சிறு வழக்கிலும், எழுந்து நின்றவருக்கு நாக்கு எழவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பித் தருவதாகக் கூறி வெளியேறினார்.

அந்த நிலையில் அவருக்கு வேலை கொடுத்தவர் ஒரு முஸ்லிம் வணிகர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பெரிய வியாபாரம் நடத்திய தாதா அப்துல்லா சேட் அவர்களே அவர். ஓராண்டு வேலைக்கு 105 பவுன் சம்பளமும், போகவர முதல் வகுப்புக் கட்டணமும், சாப்பாட்டுச் செலவும் பேச்சு. 1893-ம் ஆண்டு மே மாதம் காந்திஜி டர்பனில் இறங்கினார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, சேட் அவரை மாஜிஸ்திரேட் கோர்ட்டைக் காட்ட அழைத்துச் சென்றார். மேலே ஆங்கிலக் கோட்டு, தலையிலே பாகை. மாஜிஸ்திரேட் சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பாகையைக் கழற்றச் சொன்னார். காந்திஜி மறுத்து வெளியே வந்துவிட்டார். முஸ்லிம் உடையில் வருபவர் தலைப்பாகையோடு இருக்கலாம், மற்ற இந்தியர் கழற்றியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். இந்த அவமானத்திலிருந்து தப்ப ஆங்கிலத் தொப்பி போட்டுக்கொள்ளலாமா என்று காந்திஜி யோசித்தார். சேட் தடுத்தார். அதிகம் படிக்காதவர், ஆனால் உலகம் தெரிந்தவர். பாகைதான் அவருக்கு அழகு, ஆங்கிலத் தொப்பி வைத்தால் ஓட்டல் சிப்பந்தி என்றே எண்ணுவார்கள் என்றார். சிப்பந்தி வேலையை இளப்பமாகச் சொன்னது நமக்கு உடன்பாடல்ல. எனினும், மதத்தால் வேறுபட்ட ஓர் ஊழியனின் தலைப்பாகைக்காக முதலாளியே பரிந்து பேசிய காட்சி நம் நெஞ்சைத் தொடுகிறது.

அடுத்த ஆண்டு, 1894 செப்டம்பரில், நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள காந்திஜி விண்ணப்பித்தார். வெள்ளைக்கார வக்கீல்களின் சங்கம் எதிர்த்தது; நீதிமன்றம் எதிர்ப்பைத் தள்ளி, அவரைச் சேர்த்துக்கொண்டது. பிரமாணம் முடிந்ததும் தலைமை நீதிபதி, கோர்ட் உடை விதிப்படி பாகையை எடுக்கச் சொன்னார்.

எடுத்துவிட்டார்!

அப்துல்லா சேட்டும் நண்பர்களும் மனம் வருந்தினர். நாமும் அங்கே இருந்திருந்தால் வருந்தியிருப்போம். காந்திஜியோ தமது பலத்தைப் பெரிய போராட்டங்களுக்காகச் சேமித்து வைக்க எண்ணினார்.

அது வெறும் சமாதானமா என்பதைச் சில மாதங்களில் வந்த ஒரு தமிழர் காட்டிக் கொடுத்தார். பாலசுந்தரம் என்ற அந்த ஒப்பந்தக் கூலி, எஜமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, நடுங்கி அழுதுகொண்டு வந்தார். தலைத்துண்டு கையில் இருந்தது. வெள்ளையர் முன்னே தலைத்துணியோடு நிற்கக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். தம்மவரான வக்கீலிடமும் அதே பயத்தோடு வந்தார். காந்திஜி முதலில் செய்தது, துண்டைத் தலையில் கட்டச் சொன்னதுதான். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட அந்த முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. தமிழரான குமாஸ்தா விவரம் கேட்டுச் சொன்னார். டாக்டரின் சான்று பெற்று, மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டு, பாலசுந்தரத்தை வேறு எஜமானரிடம் மாற்றிவிட்டார் காந்திஜி.

இது எங்கோ நடந்த கதை என்று கிள்ளான் வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள். 1941-ம் ஆண்டு இங்குள்ள ரப்பர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு வேறொரு கோரிக்கையும் இருந்தது. துரையின் எதிரே சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பதே அது.

பாகையை விட்டுக்கொடுத்த பாரிஸ்டர், தொழிலில் எதை விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் நம் வியாபாரிகளுக்கு இது நன்கு புரியும். மத்தியஸ்தர் தீர்ப்பு அவர் கட்சிக்காரருக்குச் சாதகம். ஆனால் கணக்கில் ஒரு பிழை: பற்றில் வரவேண்டிய தொகை வரவில் ஏறியிருந்தது. பிழையை ஒப்புக்கொண்டால் தீர்ப்பு முழுவதுமே ரத்தாகக் கூடும் என்று சீனியர் வக்கீல் எச்சரித்து, அப்படியானால் தாம் வாதாடுவதற்கில்லை என்றார். கட்சிக்காரர் சம்மதிக்க, காந்திஜி தாமே எழுந்து பிழையைச் சொன்னார். நீதிபதிகளுக்கு முதலில் சந்தேகம். வாதம் முடியும்போது பிழையை மட்டும் திருத்தித் தீர்ப்பை நிலைநிறுத்தினார்கள்.

1913-ம் ஆண்டு டிசம்பரில், சிறையிலிருந்து விடுதலையான காந்திஜி டர்பன் பொதுக்கூட்டத்திற்கு வந்தபோது கோட்டு இல்லை. ஒப்பந்தக் கூலிகளின் உடையில் வந்திருந்தார். 1922-ல் இராஜத்துரோகக் குற்றத்திற்காக ஆறு ஆண்டு தண்டனை பெற்றபின், லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து நீக்கியது. 1948-ல் அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் சென்று, 1988-ல்தான் அப்பெயரை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்.